கட்டுத்தறியும் பட்டறையும்: விலை குறைந்த கருவிகளோடு பதினொரு வருடம்

எங்கள் தோட்டம் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. நாலு கறவை மாடு, இரண்டு கன்று, மாடு கட்டுகிற கொட்டகையான கட்டுத்தறியை ஒட்டிப் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு தகரக் கொட்டாய். அந்தக் கொட்டாய்தான் என் பட்டறை. உள்ளே ஒரு வெல்டிங் மெஷின், இரும்பு அறுக்கிற கிரைண்டர் இரண்டு, ஒரு டிரில் மெஷின், அப்பா காலத்து வைஸ் ஒன்று, சுவரில் ஆணியடித்து மாட்டிய ஸ்பானர்கள். வெளியே தாழ்வாரத்தில் தட்டு, அதாவது மாட்டுக்குப் போடுகிற சோளத்தட்டும் புல்லும், வெட்டுகிற மெஷின். இதில் முக்கால்வாசி கடையில் இருந்ததிலேயே விலை குறைந்ததாகப் பார்த்து வாங்கியது. சொசைட்டியில் பால் பணம் போடுகிற வாரத்தில்தான் எங்களால் எதையும் வாங்க முடியும், அதிலும் தீவனத்துக்கும் மாட்டு டாக்டருக்கும் போக மிஞ்சுவதுதான் கருவிக்கு.

2014ல் முதல் கிரைண்டர் வாங்கியதில் இருந்து கணக்குப் போட்டால் பதினொரு வருடம். இப்போது அக்கம்பக்கத்துத் தோட்டத்தில் யாராவது புதிதாக ஏதாவது வாங்கப் போனால் போனில் படத்தைக் காட்டி, "ஏனுங்க, இந்த ரெண்டாயிர ரூவா மெசினு தாங்குமுங்களா?" என்று கேட்கிறார்கள். தாங்குமா என்பதைப் பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. நான் திருப்பி இரண்டு கேள்வி கேட்பேன். இது கெட்டுப்போனால் பிரித்துச் சரிசெய்ய நம் ஊரில் ஆள் இருக்கிறதா? கெட்டுப்போகிற அந்த நொடியில் அதற்குப் பக்கத்தில் யார் நின்றிருப்பார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் விலையைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அந்த முதல் கிரைண்டர் 1,400 ரூபாய், நாலு இஞ்ச். வாங்கிவந்த அன்றே பிரித்தேன். வெல்டிங் பட்டறை அண்ணன் ஒருவர் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது, "புது மெசின ஓட்டறதுக்கு முன்னாடி தொறந்து பாருங்க தம்பி" என்பார். கியர் இருக்கிற தலைப்பகுதியில் கிரீஸ் ஒரு சுண்டுவிரல் நுனி அளவுக்குத்தான் இருந்தது, நாலு ஸ்க்ரூவில் இரண்டு கையாலேயே கழன்றது, பேரிங்கைச் சுற்றினால் கரகரவென்று சத்தம். நல்ல கிரீஸ் வைத்து, பேரிங்கை மட்டும் நல்ல கம்பெனிப் பேரிங்காக மாற்றினேன், 200 ரூபாய்க்குள் முடிந்தது. அதற்கப்புறம் மோட்டாருக்குள் தேய்கிற கார்பனை நாலு தடவை மாற்றியிருக்கிறேன், சுவிட்ச் ஒரு தடவை. இன்றைக்கும் ஓடுகிறது. காங்கேயம் அரிசி ஆலையும் எண்ணெய் ஆலையும் தேங்காய்க் களமும் நிறைந்த ஊர் என்பதால் பேரிங், பெல்ட், கார்பன், மோட்டார் காயில் கட்டுகிற ஆள் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இப்படி ஒரு ஊர் பக்கத்தில் இருந்தால் விலை குறைந்த மெஷினைத் தைரியமாக வாங்கலாம். இல்லாத ஊரில் அதே மெஷின் ஆறு மாதத்தில் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

ஆனால் கிரைண்டரில் பணம் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு, அது வீல். நாலு இஞ்ச் கிரைண்டர் பெரும்பாலும் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும். கட்டிங் வீலின் மேல் நொடிக்கு 80 மீட்டர் என்று அச்சடித்திருப்பார்கள், அதன் விளிம்பு தாங்கக்கூடிய வேகம் அது. நாலு இஞ்ச் வீல் இந்தச் சுற்றில் ஏறக்குறைய 58 மீட்டர் வேகத்தில் போகும், அளவுக்குள்தான் இருக்கிறது. இப்போது வீலை மறைக்கிற கார்டைக் கழற்றிவிட்டு ஏழு இஞ்ச் வீலை அதிலேயே மாட்டி ஓட்டுகிறார்களே, எங்கள் பக்கத்தில் நானே பார்த்திருக்கிறேன், அந்த வீலின் விளிம்பு 100 மீட்டரைத் தாண்டிப் போகும். அது உடையாமல் இருக்கிற ஒவ்வொரு நிமிடமும் அதிர்ஷ்டம். இன்னொன்று, வீலின் நடுவில் இருக்கிற தகர வளையத்தைப் பாருங்கள், மாதமும் வருடமும் அடித்திருக்கும், அதுவரைக்கும்தான் அதைப் பயன்படுத்தலாம். துகளையெல்லாம் பிசின் வைத்து ஒட்டித்தான் வீல் செய்கிறார்கள், ஈரத்திலும் நாள்பட்டும் அந்தப் பிசின் வலுவிழந்துவிடும். எட்டு ரூபாய் மிச்சம் என்று தேதியே இல்லாத வீல் ஒரு டஜன் வாங்கி, மழைக்காலம் முழுக்கக் கட்டுத்தறிச் சுவரில் மாட்டி வைத்திருந்து, ஒரு நாள் ஆங்கிள் அறுக்கும்போது அதில் ஒன்று மூன்று துண்டாகப் போனது. ஒரு துண்டு கார்டில் அடித்து நின்றது. கார்டில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு குழி இன்னமும் இருக்கிறது, அந்தக் குழிக்கு நேர் பின்னால்தான் என் முகம் இருந்தது. அதற்கப்புறம் வீல் மட்டும் நல்ல கம்பெனிதான், நாலு நாலாக வாங்கி வீட்டுக்குள் காய்ந்த இடத்தில் வைக்கிறேன். கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடுவதில்லை.

கைக்கருவிகளைப் பற்றிச் சொல்லவேண்டும் என்றால் அப்பாவின் கட்டிங் பிளேயரில் இருந்துதான் தொடங்க வேண்டும். டபாரியா. நாசிக்கில் செய்கிற கம்பெனி, எந்த ஊர் ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். என்னைவிட வயது கூடிய பிளேயர் அது, கைப்பிடி உறை இரண்டு தடவை மாற்றியாயிற்று, வாய் இன்னமும் மெல்லிய கட்டுக்கம்பியைச் சுத்தமாகத் துண்டிக்கிறது. அதன் விலையும் பெரிய விலை ஒன்றும் கிடையாது. இதையெல்லாம் தெரிந்திருந்தும் நான் சந்தையில் நாற்பது உருப்படி கொண்ட ஸ்பானர் செட் ஒன்றை 900 ரூபாய்க்கு வாங்கினேன். பளபளவென்று இருந்தது, எல்லாவற்றிலும் குரோம் வனேடியம் என்று நல்ல எஃகின் பெயர் அடித்திருந்தது. டிராக்டர் கலப்பையின் 19 மில்லி நட்டைக் கழற்றும்போது ஸ்பானரின் வாய் விரிந்துகொடுத்தது. ஸ்பானர் போனால் போகட்டும், நட்டின் ஆறு முனையையும் மழித்துவிட்டது. அப்புறம் அந்த நட்டை வெல்டிங் வைத்து, சூடாக்கி, உளியால் தட்டிக் கழற்ற அரை நாள் ஆனது.

அன்றைக்கு ஒரு விசயம் கற்றுக்கொண்டேன். கடையிலேயே அரம் ஒன்றை வாங்கி ஸ்பானர் வாயின் உள் ஓரத்தில் லேசாக இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சரியாகப் பதம் போட்ட இரும்பில் அரம் கடிக்கச் சிரமப்பட்டு வழுக்கும், பதம் இல்லாததில் சோப்பைச் சீவுகிற மாதிரி இறங்கும். கடைக்காரர் விடுகிறாரா என்பது வேறு விசயம், விடாதவரிடம் நான் வாங்குவதில்லை. நாற்பது உருப்படியும் நமக்குத் தேவையே இல்லை. 10, 12-13, 14, 17, 19, 24, இந்த அளவுகளில் நல்ல ரிங் ஸ்பானர் இருந்தால் கலப்பை, மோட்டார், டிவிஎஸ் வண்டி, தட்டு மெஷின் எல்லாவற்றுக்கும் போதும். மாதம் ஒன்றாகக்கூட வாங்கலாம். டிரில் பிட்டும் இதே கதைதான். சாதாரண இரும்புப் பிட்டு 200, 250 டிகிரி சூடேறினாலே பதம் குறையத் தொடங்கும், 300ஐ நெருங்கினால் நுனி நீலம் பாய்ந்துவிடும், ஹெச்எஸ்எஸ் என்கிற ஹை ஸ்பீட் ஸ்டீல் பிட்டு அதைவிட இரண்டு மடங்கு சூட்டைத் தாங்கும். நீலம் பாய்ந்த சாதாப் பிட்டை அந்த நீலப் பகுதி முழுக்கப் போகாமல் சாணை பிடித்தால் அது ஓட்டை போடாது, தேய்த்துச் சூடுதான் பண்ணும்.

இதற்கு நேர்மாறாக, எங்கள் வீட்டிலேயே மலிவானதும் சிறந்ததும் ஒரே பொருளாக இருப்பது கொல்லுப்பட்டறையில் அடித்த அரிவாளும் கொடுவாளும்தான். லாரி ஸ்பிரிங் பட்டையை நாமே பழைய இரும்புக் கடையில் எடுத்துக் கொடுத்தால் கொல்லர் கூலி மட்டும் வாங்கிக்கொண்டு அடித்துத் தருவார். நம் கைக்கு எவ்வளவு கனம், பிடி எவ்வளவு நீளம், சோளத்தட்டு அறுக்கவா தென்னை மட்டை வெட்டவா என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பில் வைப்பார். பெட்டியில் அடைத்து வருகிற எந்தக் கருவியும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் இப்படி அடிக்கிற பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன, எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

வெல்டிங் மெஷின். இது நான் பயந்து பயந்து வாங்கி, இப்போது நிம்மதியாக இருக்கிற பொருள். 5,800 ரூபாய்க்கு இன்வெர்ட்டர் வகை வெல்டிங் மெஷின், தோளில் மாட்டிக்கொண்டு வேலிக்குப் போகலாம், 200 ஆம்ப் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அந்த 200ஐ நம்ப வேண்டாம். நல்ல மெஷினில் 200 ஆம்ப், 60 சதவீதம் என்று பக்கத்தில் இன்னொரு எண்ணும் இருக்கும். பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அந்த ஆம்பில் ஓட்டலாம், நாலு நிமிடம் ஆறவிட வேண்டும் என்று அர்த்தம். என் மெஷினில் அந்த இரண்டாவது எண் கிடையாது. ஆனால் கட்டுத்தறிக் கம்பி, கேட்டு, வண்டித் தொட்டி என்று என் வேலையெல்லாம் 12 நம்பர் ராடில் முடிந்துவிடும், அதாவது இரண்டரை மில்லி, 70, 80 ஆம்ப் போதும். மெஷினுக்குத் தெரியாமல் பாதி பாரத்தில் வைத்து வேலை வாங்குகிறேன், அதனால் எட்டு வருடமாக ஓடுகிறது. சாயங்காலம் வோல்டேஜ் 170க்கு இறங்கும்போது ராடு ஒட்டிக்கொள்ளும், அப்போது வேலையை நிறுத்திவிட்டுப் பால் கறக்கப் போய்விடுவேன். நாள் முழுக்க 10 நம்பர் ராடு போட்டு ஷெட் அடிக்கிறவருக்கு இந்த மெஷின் உதவாது, அவர் நல்லதுதான் வாங்க வேண்டும்.

கட்டுத்தறிக்கு என்று சில விசயங்கள் இருக்கின்றன, பட்டறைக்காரர்களுக்கே அது தெரிவதில்லை. வெல்டிங் மெஷினைக் கட்டுத்தறிக்குள் வைக்கவே கூடாது. உள்ளே இருக்கிற காத்தாடி தட்டுத் தூசியை உறிஞ்சிக்கொள்ளும், மூத்திரத்தில் இருந்து வருகிற அமோனியா உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக் போர்டை அரித்துவிடும். மாட்டுத் தடுப்புக்குத் துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் போடும்போது வெல்ட் பண்ணுகிற இடத்தில் மேல் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிட வேண்டும், எடுக்காமல் வைத்தால் வெள்ளையாகக் கிளம்புகிற துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்து ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பார்கள், பாலுக்கும் அந்தப் புகைக்கும் சம்பந்தம் இல்லை, பூச்சை எடுத்துக் காற்றோட்டமாக நின்று வேலை செய்வது ஒன்றுதான் வழி. பைப் தரையைத் தொடுகிற இடம்தான் முதலில் துருப்பிடித்து உளுத்துப்போகும், அதனால் ஒவ்வொரு கால் அடியிலும் தரைக்கு மேல் முக்கால் அடிக்குக் கான்கிரீட் கட்டி அதற்கு மேல்தான் பைப் தெரிய வேண்டும். இதற்கு இரண்டு சட்டி கலவைதான் செலவு. அப்புறம் நெருப்பு. பொறி 35 அடி வரை பறக்கும் என்று வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும், தட்டுப்போர் அதற்குள் இருந்தால் வேலையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டுக்குள் விழுந்த பொறி உடனே பற்றாது, அரை மணி நேரம் உள்ளுக்குள்ளேயே கனன்று, நாம் சாப்பிடப் போன பிறகு எழும்பும். வேலை முடிந்ததும் ஒரு குடம் தண்ணீரோடு அரை மணி நேரமாவது அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, தட்டு வெட்டுகிற மெஷினுக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

2 ஹெச்பி மோட்டார், சக்கரத்தில் இரண்டு கத்தி, 19,500 ரூபாய்க்கு வாங்கினேன். கோ-4 தீவனப் புல்லை முழுசாகப் போட்டால் மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டை மிதித்து வீணாக்கும், வெட்டிப் போட்டால் ஒரு துண்டு மிஞ்சாது. அதனால் வாங்கியே ஆக வேண்டும், எங்களால் முடிந்த விலை அதுதான். வெட்டுகிற வேலையில் ஒரு குறையும் இல்லை, வார்ப்பும் மோட்டாரும் கத்தியும் நன்றாகவே இருந்தன. விலையை எங்கே குறைத்தார்கள் என்பது ஒரு வாரம் ஓட்டிய பிறகுதான் புரிந்தது. புல்லைத் தள்ளுகிற தகரத் தொட்டி ஒரு அடிதான் நீளம். அதற்கு அந்தப் பக்கம் பல் வைத்த இரண்டு உருளை, புல்லைக் கவ்வி உள்ளே இழுக்கும். உருளைக்குப் பின்னால் கத்தி. கையில் கட்டியிருக்கிற கயிறோ வளையலோ, சேலைத் தலைப்போ புல்லோடு சிக்கினால் அந்த உருளை அதையும் புல்லைப் போலவே இழுக்கும். பின்னோக்கிச் சுற்றவைக்கிற லிவர் என் மெஷினில் இல்லை. சக்கரத்துக்கு மூடி இல்லை. சுவிட்ச், வீட்டு லைட்டுக்குப் போடுகிற மாதிரியான ஒரு சாதா சுவிட்ச்.

ஒரு நாள் கரண்ட் போனது. என் மனைவி உருளையில் சிக்கிய புல்லைக் கையால் எடுத்துக்கொண்டிருந்தாள், சுவிட்ச் போட்டபடியே இருந்தது. நான் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன், எனக்கு ஏனோ அந்த நிமிடம் தோன்றி ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். பிளக் கையில் இருக்கும்போதே கொட்டாயில் லைட் எரிந்தது. அந்த லைட் எரிந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கை நடுங்குகிறது.

அதற்கப்புறம் அந்த மெஷினை நான் ஓட்டவில்லை, ஒரு வாரம் அரிவாளாலேயே வெட்டிப் போட்டோம். அந்த வாரத்தில் தேடிப் படித்தேன். சாலை விபத்துகளைப் பற்றிய ஆய்வுகளுக்காக அறியப்பட்ட டெல்லி ஐஐடி பேராசிரியர் தினேஷ் மோகன், 2021ல் காலமானவர், அவர் 1990களில் ஹரியாணா கிராமங்களில் இதே தட்டு வெட்டும் மெஷினில் கை போனவர்களைப் பற்றி ஆய்வு செய்திருக்கிறார். அடிபட்டவர்களில் குழந்தைகளும் நிறையப் பேர், பெரியவர்கள் இல்லாத நேரத்தில் சக்கரத்தைச் சுற்றி விளையாடும்போது விரலை விட்டவர்கள். அவரும் அவர் குழுவும் புது மெஷின் வாங்குங்கள் என்று சொல்லவில்லை, அந்தக் குடும்பங்களால் முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். இருக்கிற மெஷினிலேயே கொஞ்சம் செலவில் சேர்க்கக்கூடிய மாற்றங்களைச் செய்து பார்த்தார்கள், வேலை இல்லாத நேரத்தில் சக்கரம் சுற்றாதபடி ஒரு பூட்டு, கத்திக்கு மறைப்பு, கை உருளையை நெருங்காமல் தடுக்கிற ஏற்பாடு. இதைப் படித்தபோது எனக்குக் கிடைத்த நிம்மதி பெரிது. நம்மைப் போன்றவர்கள் என்ன வாங்குவார்கள், எதை வைத்துச் சமாளிப்பார்கள் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

கதிரடிக்கிற மெஷினுக்குக் கதிரைத் தள்ளுகிற தொட்டி 900 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும், அதில் 450 மில்லிமீட்டர் மேலே மூடியிருக்க வேண்டும் என்று இந்தியத் தர அளவு இருக்கிறது. மூன்று அடி, ஒன்றரை அடி. தோளில் இருந்து முழுக்கையை நீட்டினாலும் உருளையைத் தொட முடியாத தூரம் அது. என் மெஷினின் தொட்டியை அதே அளவுக்கு நீட்டி, மூடி வைத்து வெல்ட் பண்ணினேன், பழைய தகரமும் ஆங்கிளும்தான். சக்கரத்துக்குக் கம்பி வலையில் கூண்டு. சக்கரத்தின் ஆரத்துக்குள் நுழைந்து பூட்டுப் போடுகிற மாதிரி ஒரு கம்பி. சாதா சுவிட்சைக் கழற்றிவிட்டு மோட்டாருக்குப் போடுகிற ஸ்டார்ட்டர் வைத்தேன், கரண்ட் போனால் அது தானே விழுந்துவிடும், கரண்ட் வந்தாலும் பச்சைப் பட்டனை ஒருவர் கையால் அழுத்தினால்தான் ஓடும். சிவப்புப் பட்டனைத் தனியாக ஒன்று எடுத்து முழங்கால் உயரத்தில் வைத்தேன், இரண்டு கையும் சிக்கினாலும் காலால் உதைத்து நிறுத்தலாம். எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய். அதாவது 19,500 என்று விலை போட்டிருந்த மெஷினின் உண்மையான விலை 22,700, மிச்சத்தை நம் கையை அடகு வைத்து ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். மலிவு மெஷின் வாங்குகிறவர்கள் இந்த இரண்டாவது தொகையையும் எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும் என்பதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பூட்டின் சாவி பூஜை அறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது, பிள்ளைகளுக்கு எட்டாது.

பிரஷ் கட்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 52 சிசி டூ ஸ்ட்ரோக், 7,000 ரூபாய். கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் வழி எடுக்கவும் கிளுவை வேலி ஓரம் சுத்தம் பண்ணவும் போதும். சத்தமும் அதிர்வும் அதிகம், அரை மணிக்கு மேல் ஓட்டினால் விரல் மரத்துப்போகும். ஆனால் இந்த வகை இஞ்சின் எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே ஏறக்குறைய ஒரே அச்சு, கார்புரேட்டர், ஸ்டார்ட்டர் கயிறு, கிளட்ச் எல்லாம் ஒன்றுக்கு ஒன்று பொருந்தும், அதனால் சாமான் கிடைக்காமல் நின்றதே இல்லை. பெட்ரோலில் ஆயில் கலக்கிற அளவை மட்டும் ஒரு பாட்டிலில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், கண் அளவில் ஊற்றினவர்களின் பிஸ்டன்தான் சிக்கியிருக்கிறது.

களை எடுக்கிற பவர் வீடர் நான் வாங்கவில்லை. வருடத்தில் பத்து நாள் வேலைக்கு அவ்வளவு பணம் போட மனம் வரவில்லை, வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன். வேளாண் பொறியியல் துறையில் சிறு குறு விவசாயிக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயிக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என்று கருவிகளுக்கு மானியம் உண்டு, உழவன் செயலியில் பதிவு பண்ணலாம். மானியப் பட்டியலில் இருப்பது சோதித்துப் பார்த்த மாடல்களாக இருக்கும் என்பது அதில் எனக்குப் பிடித்த விசயம், ஆனால் பதிவு பண்ணிவிட்டுக் காத்திருக்க வேண்டும், நடுவில் மெஷின் தேவைப்பட்டால் வாடகைதான். துறையே இ-வாடகை என்று ஒரு வழி வைத்திருக்கிறது.

கறவை மெஷினில் மலிவு பார்க்கவே மாட்டேன். மாட்டின் மேல் நேராகப் படுகிற ஒரே மெஷின் அது. காற்றை உறிஞ்சுகிற அழுத்தம் 40ல் இருந்து 50 கிலோ பாஸ்கலுக்குள் நிற்க வேண்டும், நிமிடத்துக்கு 60 துடிப்பு. அந்த அளவைப் பிடித்து நிறுத்துகிற சின்ன ரெகுலேட்டரில்தான் மலிவு மெஷின்காரர்கள் கை வைப்பார்கள், அழுத்தம் ஏறினால் காம்பு நுனி வெளியே பிதுங்கி, அப்புறம் மடிநோய் வரும். ஒரு மாட்டுக்கு மடிநோய் வந்தால் மருந்துச் செலவும் கொட்டுகிற பாலும் சேர்ந்து மெஷின் விலையில் மிச்சம் பிடித்ததை ஒரே மாதத்தில் தின்றுவிடும், நாலில் ஒரு காம்பு ஊமைக் காம்பாகிப் போனால் அந்த மாட்டுக்கு அது ஆயுசுக்கும் நட்டம். காம்பில் மாட்டுகிற ரப்பர் உறை 2,500 கறவைக்குத்தான் வரும் என்பது கணக்கு. நாலு மாடு, இரண்டு வேளை, ஒரே செட் என்றால் பத்து மாதம். அந்த உறை நம் ஊரில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் எந்த மெஷினையும் பார்க்க வேண்டும். நான் இப்போதைக்குக் கையால்தான் கறக்கிறேன், நல்ல மெஷினுக்குச் சீட்டுப் போட்டு வருகிறேன்.

கடைசியாக எங்கள் செவலை மாட்டின் கதை. இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்று கூடச் சொல்லலாம்.

போன வருடம் ஐப்பசியில் கட்டுத்தறி கழுவ ஒரு பிரஷர் வாஷர் வாங்கினேன், பிளாஸ்டிக் உடம்பு, 4,500 ரூபாய். அதை ஓட்ட 180 ரூபாய்க்கு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பாக்ஸ் தரையில் கிடந்தால் நனையும் என்று மாட்டுத் தடுப்பு ஜிஐ பைப்பில் கட்டித் தொங்கவிட்டேன். அடுத்த வாரத்தில் செவலை தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். தொட்டி வரைக்கும் வருவாள், தொட்டி என்றால் பாதியாக அறுத்த இரும்பு டிரம், கழுத்தை நீட்டுவாள், மூக்கு தண்ணீரைத் தொட்டதும் தலையை உதறிக்கொண்டு பின்னால் போய்விடுவாள். நாக்கை நீட்டி நீட்டி நாய் நக்குகிற மாதிரி ஒரு ஓரத்தில் நக்கிப் பார்த்தாள். பால் ஆறு லிட்டரில் இருந்து மூன்றரைக்கு வந்துவிட்டது. வாயில் புண் இருக்கிறதா பார்த்தோம், இல்லை. தொட்டியைக் கழுவிப் புதுத் தண்ணீர் விட்டோம். அம்மா மிளகாய் சுற்றிப் போட்டார். நான் தொட்டியில் கையை விட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாவது நாள் பக்கத்துத் தோட்டத்து மாமா வந்தார். கொஞ்ச நேரம் செவலையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மாப்ள, செருப்பக் கழட்டிப்போட்டு ஈரத்துல நின்னு தொடு பாப்பம்" என்றார். கழற்றிவிட்டுக் கழுவிய தரையில் நின்று தண்ணீரில் விரலை வைத்தேன். எறும்பு ஊருகிற மாதிரி, மணிக்கட்டு வரைக்கும்.

எலக்ட்ரீசியன் தம்பி வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். டிரம்முக்கும் ஈரத் தரைக்கும் நடுவில் 11 வோல்ட். எக்ஸ்டென்ஷன் ஒயர் பைப்பின் கூர்மையான வாயில் உரசி உரசித் தோல் கிழிந்திருந்தது, உள்ளே செம்புக் கம்பி ஒரு நூல் அளவுக்குத் தெரிந்தது. பைப் கான்கிரீட்டில் புதைந்திருந்ததால் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கிவிட, மிச்சம் அதைத் தொட்டுக்கொண்டிருந்த டிரம்மில் நின்றிருக்கிறது. நாம் ரப்பர் செருப்போடு நிற்கிறோம், நமக்குத் தெரியவில்லை. மாடு நாலு காலையும் சாணியிலும் மூத்திரத்திலும் ஊறிய தரையில் வைத்துக்கொண்டு ஈர மூக்கால் தொடுகிறது. மாட்டின் உடம்பு நம்மைவிடச் சுலபமாகக் கரண்டை விடும், நாம் உணரவே உணராத சில வோல்ட் அதற்கு அடி மாதிரி இருக்கும். மூன்று நாள் அவள் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அப்புறம் அந்தத் தம்பி பிளக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். மூன்று பின் இருக்கிற பிளக். பெரிய பின், எர்த் பின், அதன் பின்னால் ஒயரே இல்லை. ஒயரை அறுத்துப் பார்த்தோம், உள்ளே சிவப்பும் கறுப்பும் மட்டும். மூன்றாவது பின் வெறும் அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் தோட்டத்திலேயே விலை குறைந்த பொருள் அதுதான், 180 ரூபாய், வாங்கும்போது ஒரு நிமிடம் கூட நான் யோசிக்காமல் எடுத்த ஒரே பொருளும் அதுதான்.

கட்டுத்தறி லைனுக்குத் தனியாக, கரண்ட் கசிந்தால் தானே விழுகிற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி வைத்தோம், எர்த் குழி புதிதாகப் போட்டோம், ஒயர் எல்லாம் பிவிசி பைப்புக்குள் போனது, தரையில் இருந்து ஆறடி உயரத்தில் மூடி வைத்த சாக்கெட். 5,000 ரூபாய்க்குப் பக்கத்தில் ஆயிற்று. பிரஷர் வாஷரைக் கொடுத்துவிட்டேன், இப்போது மருந்தடிக்கிற ஹெச்டிபி பம்பையே கழுவவும் வைத்துக்கொள்கிறேன், மோட்டார் கட்டுத்தறிக்கு வெளியே இருக்கும், ஹோஸ் மட்டும்தான் உள்ளே வரும், அதன் வாஷரும் சீலும் எந்த ஊரிலும் கிடைக்கும். மாதம் பிறந்தால் ஆர்சிசிபியில் இருக்கிற டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கிறேன், டப்பென்று விழ வேண்டும்.

மற்ற மூன்று மாடும் அன்றைக்குச் சாயங்காலம் தயங்காமல் தண்ணீர் குடித்தன. செவலை குடிக்கவில்லை. டிரம்மை எடுத்துவிட்டுச் சிமெண்ட் தொட்டி வைத்தும், அவள் தொட்டி இருக்கிற பக்கமே வராமல் கயிறு எட்டுகிற வரைக்கும் விலகி நின்றாள். ஒரு வாளியில் தவிட்டுத் தண்ணீர் கரைத்து, நான் செருப்பில்லாமல் பக்கத்தில் நின்று, என் கையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு குடிக்கவிட்டேன். ஒவ்வொரு நாளும் வாளியைத் தொட்டிக்கு ஒரு முழம் பக்கத்தில் நகர்த்தினேன். தொட்டியில் அவள் மறுபடி வாய் வைக்க எட்டு நாள் ஆயிற்று.